வேட்டி கட்டும் இடம்

அரிசிக் குக்கரில் சாய்த்து வைத்த போனில்தான் மனிதக் குடலை நான் முதன்முதலாகப் பார்த்தேன். யாருடைய குடல் என்று தெரியாது. பக்கத்து அறையில் படுத்திருந்த என் கணவருடையது போலத்தான் எனக்கு இருந்தது. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்து, கையைக் கழுவி, மரியாதையாக நின்று பார்த்தேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை.

ஆட்டுக்குடல் எத்தனையோ முறை கழுவியிருக்கிறேன். சுடுதண்ணீர் விட்டுச் சுரண்டி, மஞ்சள் போட்டு அலசி, மணம் போகும் வரை விடமாட்டேன். குடல் கறிக்கு என் கை பெயர் போனது. அப்படியிருந்தும் எனக்குள்ளும் அதே மாதிரி ஒன்று சுருண்டு கிடக்கிறது, நான் தூங்கும்போதும் அது தன்பாட்டில் வேலை செய்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கிழவியாகப் போகிற வயதில், கடல் தாண்டி வந்து, வெக்ஸ்போர்ட்டில் ஒரு அப்பாட்மென்ற் குசினியில் நின்று அதைப் படிக்க வேண்டி வந்தது.

அவருக்கு மலத்தோடு இரத்தம் போயிருக்கிறது. மூலம் என்று தானே முடிவு கட்டி, எனக்கும் சொல்லாமல், உறைப்பைக் குறைத்துக்கொண்டு திரிந்தார். குழம்பில் மிளகாய்த்தூள் காணாது என்று சண்டை பிடிக்கிற மனிதர் திடீரென்று உறைப்பு கூடிப்போச்சு என்றால் சந்தேகம் வராதா? எனக்கு வரவில்லை, வயது போகிறது என்று நினைத்தேன். எங்கள் ஒரே மகள்தான் பிடித்திழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். குழாய் விட்டுப் பார்த்தார்கள். மலவாசலுக்கு மிகக் கிட்டப் புற்று. மகளின் கல்யாணம் அடுத்த ஆவணியில் என்று முற்றாக்கி, மண்டபமும் எடுத்திருந்தோம்.

சத்திரசிகிச்சை வைத்தியர் நிதானமாகத்தான் சொன்னார். முதலில் புற்றைச் சுருக்கக் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும். பிறகு அந்தப் பகுதியை முழுதாக வெட்டியெடுத்து, கீழ்வாசலைத் தைத்து மூட வேண்டும். மிச்சக் குடலின் நுனியை வயிற்றின் இடப்பக்கத்தால் வெளியே கொண்டுவந்து தைப்பார்கள். அதன்மேல் ஒரு பை ஒட்டியிருக்கும், மலம் அதற்குள் போகும். உயிர் இருக்கும் வரை அப்படித்தான். மகள் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னாள். கடைசி வசனத்தைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். கேள்வி ஏதும் இருக்கிறதா என்று வைத்தியர் கேட்டார்.

"நோ டொக்டர், தாங்க்யூ டொக்டர்," என்றார் இவர்.

எங்கள் ஆட்களின் வழக்கம் அது. டொக்டரிடம் கேள்வி கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும், ஐயரிடம் மந்திரத்துக்கு அர்த்தம் கேட்கிற மாதிரி. அங்கே தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து ஊரில் உள்ள எல்லோரிடமும் கேட்போம். இந்த முறை அதற்கும் வழியில்லை. ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது என்று கார் நிற்பாட்டின இடத்திலேயே சொல்லிவிட்டார். திராட்சையும் அப்பிளும் கொண்டு பார்க்க வந்தவர்களுக்கு, வயிற்றில் ஒரு சின்ன ஒப்பரேஷன் என்று மட்டும் சொன்னோம். யாரிடமும் கேட்க முடியாத எனக்கு வீடியோதான் மிஞ்சியது.

ஆஸ்பத்திரியால் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். மூன்று பேரும் சோபாவில் இருந்து ரீவியில் போட்டுப் பார்த்தோம். தோலை உரித்த ஒரு பொம்மை மனிதன், முகம் இல்லை. பெருங்குடல் வயிற்றைச் சுற்றிப் படச்சட்டம் மாதிரி ஓடியது. கத்தி வந்தது. இவர் எழும்பிப் போய், யன்னலடியில் இருந்த கறிவேப்பிலைச் சாடிக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். காலையில்தான் ஊற்றியிருந்தார். "உதை நிப்பாட்டுங்கோ. அவங்கள் செய்யிறதைச் செய்யட்டும், எனக்கேன் படம்?" என்றார். மகள் தனக்கு மீட்டிங் இருக்கிறது என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் மட்டும் இருந்தேன். அந்த வீடியோ முடிய, தானாகவே அடுத்தது தொடங்கியது.

அப்படித்தான் என் படிப்பு ஆரம்பமானது. பாண் சுடுகிற தொழிற்சாலையில் பின்னேர வேலை எனக்கு. காலையில் சமைத்துக்கொண்டே பார்ப்பேன். எனக்குத் தெரிந்தது தொழிற்சாலை இங்கிலீஷ், அதனால் நிற்பாட்டி நிற்பாட்டித்தான் பார்க்க வேண்டும். வீடியோவில் ஒரு நன்மை, எத்தனை தரம் திருப்பிக் கேட்டாலும் அது முகம் சுளிக்காது. தாங்க்யூ சொல்லவும் தேவையில்லை. பொம்மைப் படம் அலுத்து, உண்மையான ஒப்பரேஷனுக்கு வந்தேன். முதல் தரம் நின்று பார்த்த பிறகு தலை சுற்றி, அடுப்படியிலேயே குந்திவிட்டேன். நீலத் துணிக்கு நடுவில் திறந்த வயிறு, மஞ்சள் கொழுப்பு, கையுறை போட்ட கைகள். பிறகு மெல்ல மெல்லப் பயம் போனது. அந்தக் கைகள் அவசரப்படவில்லை. குடலை ஈரத் துணியால் சுற்றிப் பக்குவமாக ஒதுக்கி வைத்தன. என் மனிதரையும் இப்படித்தான் தொடுவார்கள் என்று நினைக்க, நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

மகளில்தான் எனக்குக் கோபம். அப்பாவுக்கு இப்படி இருக்கும்போது, சாப்பாட்டு மேசையிலும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தபடி இருப்பாள். கூப்பிட்டால் போனைக் குப்புறக் கவிழ்ப்பாள். மாப்பிள்ளைப் பெடியனோடு கொஞ்சலாக்கும் என்று நினைத்து, வாய்க்கு வந்தபடி ஏசியும் இருக்கிறேன். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள்.

ஒப்பரேஷனுக்கு முன் இதற்கென்றே உள்ள ஒரு நேர்ஸ் எங்களைக் கூப்பிட்டாள். துவாரம் எங்கே வர வேண்டும் என்று பேனையால் வயிற்றில் குறிப்பதுதான் அவளுடைய வேலை. இதையும் நான் வீடியோவில் பார்த்திருந்தேன். உடுப்பு இறுக்குகிற இடத்தில் துவாரம் வரக்கூடாது, ஆகவே நீங்கள் உடுக்கிறது எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்று அதில் சொன்னார்கள். இவரை இருக்க வைத்தாள், நிற்க வைத்தாள், குனிய வைத்தாள். காற்சட்டையை எங்கே போடுவீர்கள் என்று கேட்டாள். இவர் காற்சட்டையைத் தொப்புளுக்கு மேலே இழுத்து, பெல்ற் போட்டு இறுக்குகிற ஆள். அதைக் காட்டினார். அவள் அதற்குக் கீழே, இடப்பக்கமாகக் குறித்தாள். வேறு ஏதும் உடுப்பு உண்டா, சமயத்துக்கென்று ஏதும், என்றும் கேட்டாள்.

மகள் தமிழில் கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை, உதுதான்," என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் வேட்டி கட்டிக் கோயிலுக்குப் போகிறவர். வேட்டியைத் தொப்பைக்குக் கீழேதான் கட்டுவார். வெளியில் வந்து லிஃப்றுக்குள், வேட்டியை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அந்த நேர்ஸ் பிள்ளையைப் பாத்துக்கொண்டு எத்தினை பேர் வெளியிலை இருக்கினம். வேட்டியைப் பற்றி வகுப்பெடுக்கச் சொல்லுறீரோ?" என்றார். நானும் விட்டுவிட்டேன். அன்றைக்கு என் மனதில் கத்தி இருந்தது, வேட்டி இருக்கவில்லை.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. புற்று முழுதாகப் போய்விட்டது என்று வைத்தியர் சொன்னபோது ஆஸ்பத்திரி நடையிலேயே நான் கை கூப்பினேன். ஆனால் வீட்டுக்கு வந்தது அரை மனிதர். பையை அவர் ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த நேர்ஸ் பையை மாற்றக் காட்டிக் கொடுத்தபோது முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவளும் சில நாட்களுக்குப் பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். "பிள்ளைக்குக் காட்டாதையும்," என்று என்னிடம் சொன்னார். "தகப்பன்ரை உந்தக் கோலத்தை அவள் பாக்கப்படாது." பாத்ரூம் கதவு எப்போதும் உள்ளுக்குப் பூட்டியே இருந்தது.

பை மாற்ற என்னுடைய வாத்தியார் வீடியோவில் வந்த ஒரு வெள்ளைக்காரி. நரைத்த முடி, சிவப்புச் சட்டை, எந்த நாடு என்று தெரியாது. தன் வீட்டுப் பாத்ரூமில் நின்று, சட்டையைத் தூக்கி, தன் வயிற்றையே காட்டினாள். முதல் நாள் அவளுக்காக நான் வெட்கப்பட்டேன். பிறகு அவளைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. போனைக் குழாயடியில் நிறுத்தி வைத்து, அவள் செய்வதைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். துவாரத்தை அளந்து, பையைத் தோலில் ஒட்டுகிற தட்டை வெட்ட வேண்டும். சுற்றியுள்ள தோலில் ஈரம் இருக்கக்கூடாது. தட்டை உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்கினால் நன்றாக ஒட்டும். வாய்க்குள் கன்னத்தின் உட்புறம் எந்த நிறமோ, துவாரம் அந்த நிறத்தில் ஈரமாக இருக்க வேண்டும். அது தானாக அசையும், ஆனால் தொட்டால் நோகாது, அதற்கு நோவு தெரியாது.

"நோகாதாம்," என்று இவருக்குச் சொன்னேன்.

"உமக்கு?" என்று கேட்டார். "உமக்கு அருவருப்பா இல்லையே?"

இல்லை என்றேன். உண்மையைச் சொன்னால், முதல் கிழமை இருந்தது. பிறகு இல்லை.

இன்னொன்றும் அவள் சொல்லிக் கொடுத்தாள். காற்றுப் போகும்போது அது சத்தம் போடும். அடக்குவதற்கு அங்கே தசை இல்லை. யாருக்கும் முன்னால் சத்தம் வந்தால் பதற வேண்டாம், உள்ளங்கையைத் தட்டையாக அதன்மேல் வைத்து மெல்ல அழுத்திக்கொண்டிரு, அழுகிற குழந்தையின் முதுகில் கை வைக்கிற மாதிரி, என்றாள். விரல்களைச் சேர்த்துக் கீழ்நோக்கி வைத்துக் காட்டினாள். இவருக்கும் செய்து காட்டினேன். அவர் அதைச் செய்யவே இல்லை. சத்தம் வந்தால் எழும்பி அறைக்குள் போய்விடுவார்.

கோயிலுக்குப் போவது நின்றது. நான் ஒரு வெள்ளிக்கிழமை கேட்டே விட்டேன்.

"மலப்பையைக் கட்டிக்கொண்டு சந்நிதியிலை போய் நிக்கிறதோ?" என்றார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "கோயிலுக்கு வாற எல்லாரும் வயித்துக்குள்ளை கொண்டுதானே வருகினம்? ஐயருக்கும் இருக்கு. நான் வீடியோவிலை பாத்தனான். உங்களுக்கு வெளியிலை இருக்கு, அவ்வளவுதான்."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

கல்யாணம் கிட்ட வந்தது. பெண்ணின் தகப்பன் மேல்சட்டை இல்லாமல், வேட்டியும் சால்வையுமாக மணவறையில் இருந்து கன்னிகாதானம் செய்ய வேண்டும். மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும். பக்கத்தில் இருந்து தாய் தண்ணீர் வார்க்க வேண்டும். அதெல்லாம் இந்தக் காலத்து மண்டபத்தில் பெரிய திரையில் வேறு ஓடும். இவர் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "அண்ணையும் அண்ணியும் இருந்து செய்யட்டும். நான் பின்னுக்கு இருந்து பாக்கிறன்."

அப்படியென்றால் நானும்தான் எழும்ப வேண்டும். அந்த இடம் சோடியாக இருக்கிற இடம். பெற்றவள் உயிரோடு இருக்க, மார்க்கம் நகரில் இருந்து வந்து இன்னொருத்தி என் பிள்ளைக்குத் தண்ணீர் வார்ப்பதா? மகள் இயர்போனைக் கழற்றினாள்.

"பெரியப்பாவோ? நோ அப்பா. ஐ வான்ற் யூ, நீங்கள்தான் வேணும்," என்றாள். குரல் உடைந்துவிட்டது. எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

அடுத்த நாள் அவரை வற்புறுத்தி வேட்டியைக் கட்ட வைத்தேன். பழகின கை, பழகின இடத்தில்தான் கட்டியது. இடுப்பு முடிச்சு சரியாகத் துவாரத்தின் மேல் வந்து விழுந்தது. கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம், மணவறையில் இருக்கிற மாதிரி, சப்பாணி கட்டி இருங்கள் என்றேன். இருந்தார். பைக்குள் இறங்க வழியில்லாமல், தட்டின் ஓரத்தால் கசிந்து, வெள்ளை வேட்டியில் பட்டது. முதலில் மணம்தான் வந்தது. அவர் பாத்ரூமுக்குள் போய்க் குளிக்கிற தொட்டியின் விளிம்பில் இருந்து அழுதார். ஊரில் சண்டைக்காலத்தில் செல்லடிக்குள் ஓடியபோதும், தாய் செத்த செய்தி போனில் வந்தபோதும் அழாத மனிதர். நான் துவாயை நனைத்துத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

அதற்குப் பிறகு நான் தேடாத வீடியோ இல்லை. பையோடு நீந்துகிறவன், பாரம் தூக்குகிறவன், பையோடு எப்படித் தொழுவது என்று விளக்குகிற ஒரு முஸ்லிம் ஐயா, பிரசவத்துக்குப் போகிற ஒரு பிள்ளை எல்லோரையும் பார்த்தேன். பையோடு வேட்டி கட்டுகிற ஒரு தமிழனை மட்டும் காணவில்லை. எங்கள் ஆட்களுக்கு இந்தப் புற்று வருத்தமே வராது போலும், வந்தால் எல்லோரும் எங்களைப் போல யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு இருக்கிறார்கள் போலும். எனக்கு ஊர் முழுவதிலும் கோபம் வந்தது.

வேறு வழியில்லாமல், பேனையால் குறித்த அதே நேர்ஸிடம் நேரம் எடுத்தேன். மகளுக்கு வேலை, நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம். அவள் எல்லாம் பார்த்துவிட்டு, தோல் நன்றாக இருக்கிறது, கேள்வி உண்டா என்றாள். இவர் தாங்க்யூ சொல்ல வாயெடுக்க, நான் முந்திக்கொண்டு என் கைப்பையில் இருந்து வேட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். "மை டோற்றர் வெடிங். ஹீ மஸ்ற் வெயர் திஸ். ஹௌ?" என்றேன்.

கட்டிக் காட்டச் சொன்னாள். திரைச்சீலையை இழுத்துவிட்டு இவர் கட்டினார். அவள் முழங்காலில் இருந்து, முடிச்சு விழுந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, அன்றைக்கு இதைக் காட்டியிருந்தால் இன்னும் மேலே குறித்திருப்பேனே என்றாள். ஏசவில்லை, கவலையாகச் சொன்னாள். அதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நேர்ஸ் அகலமான மெத்தென்ற பட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். பை இறங்குவதற்கு அதில் ஒரு ஓட்டை இருந்தது. அதைக் கட்டி, வேட்டியைத் தொப்புளுக்கு மேலே, காற்சட்டை போடுகிற உயரத்தில் கட்டப் பார்த்தோம். பை வேட்டிக்குள் தாராளமாகத் தொங்கியது. இவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "குளிக்கிற பொம்பிளையளின்ரை குறுக்குக்கட்டு மாதிரியெல்லோ கிடக்கு," என்றார். மாதக் கணக்கில் அவர் விட்ட முதல் பகிடி அதுதான்.

"அதுக்கு மேலை சால்வையைச் சுத்திக் கட்டுங்கோ," என்றேன். "கோயிலிலை கட்டுறனீங்கள்தானே."

கட்டினார். அப்போது அது நோயாளியின் இடுப்பாகத் தெரியவில்லை. சாமிக்கு முன்னால் நிற்கிற மனிதரின் இடுப்பாகத் தெரிந்தது. அன்றைக்குப் பின்னேரம் மார்க்கத்தில் இருக்கிற அண்ணைக்குப் போன் எடுத்து, "அண்ணை, நீங்கள் முன்வரிசையிலை இருந்தால் காணும். நான் செய்யிறன்," என்றார்.

கல்யாணத்தன்று காலையில் பையை மாற்றும்போது எனக்கு வீடியோ தேவையில்லை. இருந்தாலும் போனைக் குழாயடியில் நிறுத்தி, சிவப்புச் சட்டைக்காரியை ஓடவிட்டேன். துணைக்கு ஒருத்தி வேண்டும் போல இருந்தது.

மணவறையில் இவர் மகளின் வலப்பக்கத்தில் இருந்தார், நான் அவருக்குப் பக்கத்தில், இரண்டு கையாலும் செம்பைப் பிடித்தபடி. வீடியோக்காரர்கள் முன்னால் நின்றார்கள். பெரிய திரையில் இவருடைய நெஞ்சும் வயிறும் தெரிந்தன. ஐயர் கையைக் காட்ட மேளம் நின்றது. பூட்டன், பாட்டன், தகப்பன் என்று பரம்பரையின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். மண்டபம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதிக்குள்தான் அந்தச் சத்தம் வந்தது.

முதலில் சின்னதாக, பிறகு நீளமாக. ஐயரின் மைக் கிட்ட இருந்தது. ஐயர் ஒரு கணம் தயங்கினார். இவருடைய உடம்பு விறைத்தது. முகத்தில் இரத்தம் இல்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றினார். எழும்பப் போகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. எழும்பினால் அந்த மனிதர் இனி ஒருநாளும் ஒரு சபையிலும் இருக்கமாட்டார். என் கைகளில் செம்பு. ஒன்றும் செய்ய முடியாமல் இருந்தேன்.

அப்போது மகளின் வலக்கை வந்தது. மருதாணிக் கை, வளையல் நிறைந்த கை. குனிந்த தலை நிமிராமல், தகப்பனின் இடப்பக்கத்தில், சால்வைக்கு மேலே, சரியாக அந்த இடத்தில் உள்ளங்கையைத் தட்டையாக வைத்தாள். விரல்கள் சேர்ந்து, கீழ்நோக்கி, அழுத்தியும் அழுத்தாமலும். பூட்டின கதவுக்குள் ஒரு நாளும் வராத பிள்ளை. அப்படி வைக்க நான் அவளுக்குக் காட்டிக் கொடுக்கவில்லை, அவரும் காட்டவில்லை. அந்த இயர்போனையும் கவிழ்த்த போனையும் நினைத்தேன். சிவப்புச் சட்டைக்காரியிடம் நான் மட்டும் படிக்கவில்லை.

"இட்ஸ் ஓகே அப்பா," என்றாள் மெல்ல. "தானா நிக்கும்."

திரையில் அதைப் பார்த்த யாரோ ஒரு அன்ரி, "பிள்ளைக்குத் தகப்பனிலை சரியான பாசம்," என்றது எனக்குக் கேட்டது. இவர் தரையில் ஊன்றிய கையை எடுத்து மடியில் வைத்தார். சத்தம் அடங்கும் வரை அவள் கையை எடுக்கவில்லை. ஐயர் பெயர்களைச் சொல்லி முடித்து, பிள்ளையின் கையைப் பிடியுங்கோ என்றார். இவர் தன் வயிற்றின் மேல் இருந்த அந்தக் கையைத்தான் எடுத்து, மாப்பிள்ளையின் கையில் வைத்தார். நான் தண்ணீர் வார்த்தேன்.